ஞாயிறு காலை தெரிந்தது, செவ்வாய் மதியம் சொன்னார்கள்

மருத்துவமனை மீது வழக்குப் போட வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் டாக்டரைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆபரேஷன் சரியில்லை, மருந்து மாறிவிட்டது, பெரிய டாக்டர் வந்து பார்க்கவே இல்லை என்பார்கள். ரத்தத்தைப் பரிசோதித்த லேப் என்ன செய்தது என்று கேட்டு வந்தவர் என் அனுபவத்தில் ஒருவர்தான். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். 2017-ல் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, துணிப்பை நிறையக் காகிதங்களோடு வந்தார்.

“ஆப்பரேசன் பண்ணுன டாக்டரு மேல எனக்குக் கோவமில்லைங்க. ராத்திரி பகலா வந்து பாத்தாருங்க. கடைசியா வந்த ரத்த ரிப்போர்ட்டுல ஃபங்கஸ்னு போட்டிருக்கு. அது அவங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது, டாக்டருகிட்ட எப்பச் சொன்னாங்க? அதைக் கேட்டுச் சொல்லுங்க, போதுங்க.”

வழக்கு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு 39 வயது. சிறுகுடலில் ஓட்டை விழுந்து, உள்ளிருந்தது வயிற்றுக்குள் கசிந்த நிலையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அவசர அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரத்தில் தையல் விட்டுக் கசிந்ததால் மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு ஐசியூ. கழுத்துச் சிரை வழியே சென்ட்ரல் லைன் குழாய். வாய்வழி உணவு இல்லை. ஊட்டச்சத்து எல்லாம் அந்தக் குழாய் வழியாகவே போனது. கூடவே வீரியமான ஆண்டிபயாடிக்குகள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

இப்படிப்பட்ட நோயாளியின் ரத்தத்தில் பூஞ்சை புகுவதற்கு எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. கேண்டிடா என்ற பூஞ்சை வகை ஆரோக்கியமாக இருப்பவர்களின் குடலிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கிறது. ஆண்டிபயாடிக் பாக்டீரியாக்களை அழிக்கும்போது இடம் காலியாகி, கேண்டிடா பெருகுகிறது. குடல் கிழிந்திருந்தால் அங்கிருந்தும், சென்ட்ரல் லைனில் ஒட்டிக்கொண்டால் அதன் வழியாகவும் ரத்தத்துக்குள் நுழைகிறது. இது நம் ஊரில் அபூர்வமும் இல்லை. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 27 ஐசியூக்களில் நடந்த ஆய்வு 1,400 நோயாளிகளிடம் இதைக் கண்டது. ஐசியூவில் சேர்ந்த ஆயிரம் பேரில் ஆறு பேருக்கும் மேல் என்பது அதன் கணக்கு. பூஞ்சைத் தொற்றின் காய்ச்சலும் பாக்டீரியாத் தொற்றின் காய்ச்சலும் படுக்கையருகே நின்று பார்க்கும் டாக்டருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபடுத்திச் சொல்ல வேண்டியது லேப்.

லேபில் நடப்பதை எனக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர், அரசு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். எங்கள் தரப்பு நிபுணர் சாட்சியும் அவரே. ஒத்துக்கொள்வதற்கு முன்பே நிபந்தனை போட்டார். “வக்கீல் சார், எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்வேன். உங்க கேசுக்குப் பிடிக்காததையும் கேட்டா மறைக்க மாட்டேன்.” அப்படிப்பட்ட சாட்சிதான் எனக்கும் வேண்டும் என்றேன்.

நோயாளியிடம் எடுத்த ரத்தத்தை, ஊட்டச்சத்துக் கரைசல் உள்ள பாட்டிலில் செலுத்தி, உடல் வெப்பத்தைக் காக்கும் கருவிக்குள் வைக்கிறார்கள். இதுதான் பிளட் கல்ச்சர். ரத்தத்தில் கிருமி இருந்தால் பாட்டிலுக்குள் பெருகி, கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். பாட்டிலின் அடியிலுள்ள உணர்வி அதைக் கண்டதும் கருவி ஒலி எழுப்பி, நேரத்தைத் தானாகவே பதிந்துகொள்ளும். உடனே ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

தனக்குத் தெரிந்த கல்லூரி லேபுக்கு அழைத்துப் போய், அந்த அம்மையார் இரண்டு தகடுகளைக் காட்டினார். முதல் தகட்டில் பாக்டீரியா, மிக நுண்ணிய புள்ளிகளாகத் தெரிந்தது. அடுத்த தகட்டில் பூஞ்சை. ஒவ்வொரு செல்லும் அந்தப் புள்ளிகளைவிடப் பல மடங்கு பெரிது. முட்டை வடிவம், அடர்ந்த ஊதா நிறம். பல செல்களின் ஓரத்தில், முளைகட்டிய பயறு போல, சின்னதாக இன்னொரு செல் கிளம்பிக்கொண்டிருந்தது. மருத்துவம் படிக்காத எனக்கே வித்தியாசம் ஒரு பார்வையில் விளங்கியது. “இது எந்தப் பூஞ்சைன்னு இப்பச் சொல்ல முடியாது. பூஞ்சைன்னு இப்பவே சொல்லலாம். ஐசியூ டாக்டருக்கு மருந்தை ஆரம்பிக்க அது போதும்” என்றார்.

எந்தப் பூஞ்சை என்பது அடுத்த கட்டம். பாட்டிலிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்து, கூட்டம் கூட்டமாக முளைத்து வர ஒன்றிரண்டு நாளாகும். அதைக் கருவியில் இட்டு இனப்பெயரைக் கண்டறிய இன்னும் ஒரு நாள் வரை ஆகலாம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனை அதற்கும் பிறகு. ஆகவே ரிப்போர்ட் என்பது ஒரே தாளில் ஒரே நாளில் வருவதல்ல. நுண்ணோக்கியில் கண்டது, இனப்பெயர், மருந்துச் சோதனை என்று மூன்று தவணையாகத் தெரியவருகிறது. முதல் தவணையை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்பது நுண்ணுயிரியலில் பாலபாடம்.

என் கட்சிக்காரரின் பையில் இருந்த தாளில் இரண்டே நேரங்கள் இருந்தன. ரத்தம் எடுத்தது வெள்ளிக்கிழமை காலை 10.30, ரிப்போர்ட் அச்சானது செவ்வாய்க்கிழமை பகல் 11.30. நடுவில் நடந்தது எதுவும் தாளில் இல்லை. மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டதில் கேஸ் ஷீட்டின் நகல் வந்தது; லேப் பதிவேடுகள் வரவில்லை. புகார் மனுவோடு, அந்தக் கருவியின் மின்பதிவையும், நுண்ணுயிரியல் பிரிவின் தினசரிப் பதிவேட்டையும், தொலைபேசியில் தகவல் சொன்ன பதிவேட்டையும் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் தனி மனு போட்டேன். “அவை எங்கள் உள் ஆவணங்கள்” என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. பல வாய்தாக்களுக்குப் பிறகு மனு அனுமதிக்கப்பட்டது.

தாக்கலான தினசரிப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கான பக்கம் நீளவாக்கில் கோடு போட்ட சாதாரண நோட்டுப் பக்கம்தான். கருவி ஒலி எழுப்பியது சனிக்கிழமை இரவு 11.40 என்று மின்பதிவு சொன்னது. பதிவேட்டில் ஞாயிறு காலை 7.10-க்கு நேரே, டெக்னீஷியனின் கையெழுத்தில், மொட்டுவிடும் ஈஸ்ட் செல்கள் தெரிந்தன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி; ஈஸ்ட் என்பது பூஞ்சையே. இரண்டு பாட்டிலிலும் அதே முடிவு. அந்த வரிக்கு வலப்புறம் ‘யாரிடம் தெரிவிக்கப்பட்டது, நேரம்’ என்று ஒரு பத்தி. அது வெறுமையாக இருந்தது. தகவல் சொன்ன பதிவேட்டிலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தக் குறிப்பும் இல்லை.

இதைக் கேஸ் ஷீட்டோடு வைத்துப் பார்த்தபோதுதான் வழக்கின் முழு வடிவமும் தெரிந்தது. அதே ஞாயிறு காலை 9 மணிக்கு ஐசியூ டாக்டர் எழுதியிருக்கிறார்: காய்ச்சல் தொடர்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம். ஆண்டிபயாடிக் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறார். திங்கட்கிழமையும் அதே வாசகம்: ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறோம். லேப் இருந்தது அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே. ரிப்போர்ட் செவ்வாய் மதியம் ஐசியூவுக்குப் போய், மாலை 4 மணிக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்கப்பட்டது. பூஞ்சை என்று தெரிந்ததிலிருந்து முதல் மருந்து வரை சுமார் 57 மணி நேரம். வியாழன் விடியற்காலையில் அந்தப் பெண் இறந்துவிட்டார்.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் நான்கு வாதங்களை வைத்தார். எல்லாமே கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய வாதங்கள்.

முதலாவது, ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து கலந்த மாசாக இருக்கலாம் என்பது. தோலில் வாழும் சில பாக்டீரியாக்களுக்கு இது பொருந்தும். ஒரு பாட்டிலில் மட்டும் அவை வந்தால் மருத்துவர்கள் யோசிப்பது உண்டு. கேண்டிடா அப்படியல்ல. ரத்தத்தில் ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அதை மாசு என்று தள்ளாமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது எல்லா நாட்டு மருத்துவர்களும் ஏற்ற விதி. இங்கே வளர்ந்ததோ இரண்டு பாட்டிலில். எங்கள் நிபுணர் இதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு அந்த வாதத்தைத் தொடரவில்லை.

இரண்டாவது, சில நாள் முன்பு எடுத்த கல்ச்சரில் கிருமி வளர்ச்சி இல்லை என்று வந்ததே என்பது. அந்த ரிப்போர்ட்டை டாக்டர்கள் நம்பியதில் தவறில்லை. நானும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ‘வளர்ச்சி இல்லை’ என்பது ‘தொற்று இல்லை’ என்பதற்குச் சமம் ஆகாது. உடலுக்குள் பரவிய கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதியைத்தான் பிளட் கல்ச்சர் பிடிக்கிறது. ரத்தத்தில் பூஞ்சை செல்கள் மிகக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், எடுக்கும் ரத்தத்தின் அளவு முக்கியம். பெரியவர்களுக்குப் பாட்டில் ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். ஒரே ஒரு பாட்டிலோடு நிறுத்தவும் கூடாது. முதல் முறை அனுப்பியது ஒரே பாட்டில், அதில் 3 மில்லி ரத்தம் என்று லேபின் பதிவேடே சொன்னது.

மூன்றாவது வாதம்தான் அவர்களின் பிரதான வாதம். இனப்பெயர் தெரியாமல் அரைகுறை ரிப்போர்ட் கொடுப்பது பொறுப்பற்ற செயல்; முழுமையாகக் கண்டறிந்த பிறகே கொடுத்தோம் என்றார்கள். டாக்டர் ஜே.ஜே. மெர்ச்சன்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்ன வழியில், மன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்துக் குறுக்கு விசாரணையைப் பதிவு செய்தது. லேப் பொறுப்பாளரிடம் நான் கேட்டவற்றில் சில:

“சனிக்கிழமை இரவு கருவி ஒலித்தபோது பிரிவில் யார் இருந்தார்கள்?”

“இரவுப் பணிக்கு நுண்ணுயிரியல் பிரிவில் ஆள் கிடையாது.”

“ஞாயிறு காலை 7.10-க்குப் பூஞ்சை என்று தெரிந்துவிட்டது, இல்லையா?”

“ஈஸ்ட் என்று தெரிந்தது.”

“அதை ஐசியூவுக்குச் சொல்ல இனப்பெயர் தேவையா?”

“தேவையில்லை.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“ரிப்போர்ட் டைப் செய்பவருக்கு ஞாயிறு விடுமுறை.”

“போன் வேலை செய்ததா?”

“செய்தது.”

அதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் காத்திருந்து பெற்ற அந்த இனப்பெயரையும் நான் விடவில்லை. ரிப்போர்ட்டில் இருந்தது கேண்டிடா ஹீமுலோனி. அதைப் படித்ததுமே எங்கள் நிபுணரின் நெற்றி சுருங்கியது. கேண்டிடா ஆரிஸ் என்று ஓர் இனம் உண்டு. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2013-ல் டெல்லி நோயாளிகளிடம் அது ரத்தத் தொற்றாகவே பதிவானது. ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் கட்டுப்படாதது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஐசியூவுக்குள்ளேயே பரவக்கூடியது. அக்காலத்து இனங்காணும் கருவிகள் பலவற்றின் தரவுத்தளத்தில் இந்த இனமே இல்லாததால், அவை அதற்குக் கேண்டிடா ஹீமுலோனி என்று பெயர் சூட்டின. 2016 ஜூன் மாதம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைப் பற்றி மருத்துவமனைகளை எச்சரித்திருந்தது.

இந்தப் பெண்ணுக்கு வந்தது ஆரிஸ்தான் என்று நாங்கள் வாதாடவில்லை. நிரூபிக்க வழியில்லை, வளர்த்த கிருமியை லேப் பாதுகாத்து வைக்கவில்லை. ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாது என்ற மருந்துச் சோதனை முடிவு மட்டும், அவர் இறந்த மறுநாள் வந்து கோப்பில் சேர்ந்தது. நான் மன்றத்தில் வைத்த வாதம் இதுதான்: நுண்ணோக்கியில் கண்ணால் கண்ட உறுதியான செய்தியை நிறுத்தி வைத்துவிட்டு, அப்போது கருவியால் பிழையாகவும் சொல்லப்படக்கூடிய ஒரு பெயருக்காக இரண்டு நாள் காத்திருந்ததை எந்தப் பொறுப்பு உணர்ச்சி என்று சொல்வது? அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டி, இத்தகைய நோயாளிக்கு எக்கினோகேண்டின் வகை மருந்தை முதலில் தொடங்கச் சொல்கிறது. சென்ட்ரல் லைனை இயன்றவரை சீக்கிரம் அகற்றச் சொல்கிறது. ஞாயிறு காலை ஒரு போன் போயிருந்தால் இந்த முடிவுகளை எடுக்க டாக்டர்களுக்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

நான்காவது வாதம் கனமானது. நோயாளியின் நிலை ஏற்கெனவே மோசம். முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று என்ன உறுதி? உறுதி இல்லை என்பதை நான் எழுத்துபூர்வமாகவே ஒப்புக்கொண்டேன். அதோடு 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத் தாக்கல் செய்தேன். நான்கு மருத்துவமனைகள், ரத்தத்தில் கேண்டிடா இருந்த 230 நோயாளிகள். கல்ச்சர் எடுத்த அன்றே ஃப்ளூகோனசோல் தொடங்கியவர்களில் 15 சதவீதம் இறந்தார்கள். மறுநாள் தொடங்கியவர்களில் 24, இரண்டாம் நாள் 37, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 41 சதவீதம். அந்த ஊர் நோயாளிகளின் கணக்கை இங்கே பொருத்த முடியாது, அவர்களுக்கு வேலை செய்த மருந்துக்கு இவருடைய பூஞ்சை கட்டுப்படாது என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். இரண்டிலும் நியாயம் உண்டு. எத்தனை சதவீதம் என்பது நோயாளிக்கு நோயாளி மாறலாம். தாமதம் ஆக ஆக உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறையும் என்பதை அவருடைய நிபுணரும் மறுக்கவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை என் பாதை நேரானது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2004-ல் சவீதா கார்க் வழக்கு, நோயாளி தரப்பு முதல்நிலை ஆதாரத்தைக் காட்டிவிட்டால் கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமை மருத்துவமனையைச் சேரும் என்றது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கு, அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ளவர் செய்வதை வைத்தே ஒருவரை எடைபோட வேண்டும் என்றது. அந்த அளவுகோலை லேபே தன் ரிப்போர்ட்டின் தலைப்பில் அச்சிட்டிருந்தது: ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று. ஆபத்தான முடிவு தெரிந்தால் மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். யார், யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அந்த விதியின் நகலையும், வெறுமையான பத்தியுள்ள அந்தப் பதிவேட்டுப் பக்கத்தையும் அடுத்தடுத்த சான்றாவணங்களாகக் குறியிட்டேன்.

தீர்ப்பு வந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் மீதோ ஐசியூ டாக்டர் மீதோ எந்தக் கவனக்குறைவும் இல்லை. கையில் இருந்த தகவலை வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தான பரிசோதனை முடிவை அறிந்த பிறகும் தெரிவிக்காமல் இருந்தது சேவைக் குறைபாடு. அதற்கு மருத்துவமனை பொறுப்பு. தாமதம் ஒன்றே மரணத்துக்குக் காரணம் என்று சொல்ல இயலாததால், கோரிய இழப்பீட்டில் ஒரு பகுதி மட்டும் வட்டியோடு வழங்கப்பட்டது. மருத்துவமனை மேல்முறையீடு செய்தது. மாநில ஆணையம் தீர்ப்பை உறுதி செய்தது.

முழுத் தொகை கிடைக்கவில்லையே என்று சக வழக்கறிஞர்கள் சிலர் குறைப்பட்டார்கள். எனக்குக் குறையில்லை. டாக்டர்களை விடுவித்ததும் லேபைப் பொறுப்பாக்கியதும், இரண்டுமே ஆவணங்கள் சொன்ன உண்மை. அந்தத் தறிக்காரரும் அதைத்தான் கேட்டு வந்தார்.

அதன் பிறகு பரிசோதனை முறைகள் வெகுவாக முன்னேறிவிட்டன. தட்டில் முளைத்த பூஞ்சையின் புரதங்களை ஆராய்ந்து சில நிமிடங்களில் இனப்பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி பெரிய லேப்களில் இருக்கிறது; தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் ஆரிஸையும் சரியாகச் சொல்கிறது. பூஞ்சையின் செல் சுவரிலுள்ள பீட்டா-டி-குளுக்கன் என்ற பொருளை ரத்தத்தில் தேடும் சோதனை, கல்ச்சர் தவறவிடும் இடத்தில் டாக்டருக்குத் துணை நிற்கிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டு, முதல் வரிசையில் கேண்டிடா ஆரிஸையும் கேண்டிடா அல்பிகன்ஸையும் வைத்தது. இவ்வளவு இருந்தும், எந்தக் கருவி சொன்ன முடிவையும் லேபிலிருந்து டாக்டரின் காதுக்குக் கொண்டுசேர்க்க ஒரு மனிதர் போனை எடுக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது புதுக் கருவி அல்ல. பிளட் கல்ச்சர் பகுதிக்கு இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொறுப்பான ஓர் ஆள், அவர் தவறாமல் நிரப்பும் ஒரு பதிவேடு, அதை வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடும் ஒரு மேலாளர்.

நோயாளியின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர்கள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை அவர்கள் கட்டாயம் பாதுகாக்க வேண்டியது 3 ஆண்டுகள்தான். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உள்ள அவகாசம் 2 ஆண்டுகள். துக்கம் எவ்வளவு பெரிதானாலும் ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்கும்போது ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், லேப் பதிவேட்டின் நகலையும் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.